வரவில்லை என்னும் சொல்

மக்கள் பிரதிநிதிகள் எத்தனை வாக்கெடுப்புகளில் கலந்துகொண்டார்கள் என்று சதவீதம் போட்டு வரிசைப்படுத்தும் பட்டியல்களை நான் விரும்பிப் படிப்பவள். ஓட்டுப் போட்டவர்களுக்கு அது தேவையான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு யாருடைய உடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது?

பிரிட்டிஷ் காமன்ஸ் அவையில் வாக்களிப்பது என்றால் நடப்பது. ஆதரிப்பவர்கள் ஒரு கூடத்துக்குள்ளும் எதிர்ப்பவர்கள் மற்றொரு கூடத்துக்குள்ளும் நடந்துபோக, தலை எண்ணப்படும். யார் எந்தப் பக்கம் போனார் என்ற பெயர்ப்பட்டியலை அவை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கிய ஆண்டு 1836. அந்த அவையில் ஒரு பெண் முதன்முதலாக வந்து அமர்ந்தது 1919இல். அவர் நான்சி ஆஸ்டர். அதன்பின் பெண்கள் வந்தார்கள், பதிவேடு மாறவில்லை.

பிள்ளை பெற்ற உறுப்பினருக்கு இருந்த வழி ‘ஜோடி’ ஏற்பாடு. அவர் வராத நாளில் எதிரணியில் ஒருவரும் வாக்களிக்காமல் இருந்து ஈடுகட்டுவார். இது கொறடாக்களுக்கு இடையிலான வாய்ப்பேச்சு. வாக்குப்பட்டியலில் இதற்கு இடமில்லை. பாலூட்டிக்கொண்டிருந்தவருக்கும் சோம்பலில் வராதவருக்கும் அதில் ஒரே நிலைதான்: வரவில்லை.

2018 ஜூலையில் அந்த வாய்ப்பேச்சும் பொய்த்தது. கைக்குழந்தையோடு இருந்த ஜோ ஸ்வின்சனுக்கு ஜோடியான பிராண்டன் லூயிஸ், பிரெக்ஸிட் தொடர்பான கடும்போட்டி வாக்கெடுப்பில் வாக்களித்துவிட்டார். தவறு நேர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார்கள். போன நம்பிக்கை திரும்பவில்லை.

2019 ஜனவரி 15 அன்று, நிறைமாதக் கர்ப்பிணியான டூலிப் சித்திக் சிசேரியனைத் தள்ளிவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்தார். அரசின் பிரெக்ஸிட் ஒப்பந்தம் அன்று 202க்கு 432 என்று தோற்றது. 230 வாக்கு வித்தியாசம். அவர் வராவிட்டாலும் முடிவு அதுதான். ஆனால் அவருடைய தொகுதிக்கு எதிரே ‘வரவில்லை’ என்றுதான் இருந்திருக்கும்.

அந்த மாத இறுதியிலேயே, பிள்ளை பெற்ற உறுப்பினருக்காக வேறொருவர் வாக்களிக்கும் முறை சோதனையாக வந்தது, 2020இல் நிலையானது. முதலில் பயன்படுத்தியவரும் சித்திக்தான். ஹாரியட் ஹார்மன் முன்வைத்த இந்தக் கோரிக்கையைக் கொள்கையளவில் அவை ஏற்றது 2018 பிப்ரவரியில். ஏற்றதைச் செய்ய ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அதற்கும் ஒரு கர்ப்பிணி சக்கர நாற்காலியில் வர வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியல்களை இனியும் படிப்பேன். மாணவிகளையும் படிக்கச் சொல்வேன். கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொல்வேன்: வராததற்குக் காரணம் எழுத அந்தப் பதிவேட்டில் இடம் இருக்கிறதா? இருந்தால், அதை யார் போராடி வாங்கினார்கள்?