திருமேனிகளும் சான்றுகளும்

கோயில்களில் வழிபடப் பெற்ற செப்புத் திருமேனிகள் அயல்நாட்டுக் கலைச்சந்தையில் தோன்றுங்கால், அவை களவுபோனவையோ என்னும் ஐயம் எழுகின்றது. ஐயம் வேறு; மெய்ப்பித்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது சான்று. அச்சான்றினை நம் முன்னோர் எவ்வாறு போற்றினர், அது குன்றியவிடத்து நேர்ந்தது யாது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் அங்கு எழுந்தருளுவிக்கப் பெற்ற திருமேனிகளைப் பெயரளவிற் குறித்து அமையவில்லை. 'பாதாதி கேசாந்தம்', அஃதாவது அடிமுதல் முடிவரை, இத்துணை முழம், இத்துணை விரல் உயரம், திருக்கைகள் இத்துணை, பீடத்தின் அளவு இது, செய்தளித்தவர் இன்னார் என விரித்துரைக்கின்றன. அணிகலன்களின் நிறையும் முத்துகளின் எண்ணும் அவற்றுள் காணப்படுகின்றன. இவற்றைப் பத்தியின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இவை கோயிலின் உடைமைப் பதிவுகளுமாம். திருவெண்காட்டில் 1951இல் மண்ணினின்று வெளிப்பட்ட இடபவாகனத் திருமேனியின் காலம் 1011 எனத் துணிதற்கும் அக்கோயிற் கல்வெட்டே துணையாயிற்று.

இத்தகைய பதிவும் ஒப்புநோக்கும் தளர்ந்த காலத்து நிகழ்ச்சிக்குச் சிவபுரம் நடராசரே எடுத்துக்காட்டு. 1951இல் கிடைத்த அத்திருமேனி செப்பனிடுதற்கு அனுப்பப் பெற்றது. கோயிலுக்குத் திரும்பியதோ அதன் படி. அப்படியினையே மக்கள் மூலத் திருமேனியெனக் கருதி வழிபட்டனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சார்ந்த டக்ளசு பாரெட் 1965இல் வெளியிட்ட நூலில் உண்மையைக் குறித்த பின்னரே அது புலனாயிற்று. மூலத் திருமேனியை 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது. வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. திருமேனி நாடு திரும்பியது 1986இல்.

பத்தூர் நடராசர் 1976இல் மண்ணினின்று எடுக்கப் பெற்று, மறைவாகக் கைமாறி இலண்டனை அடைந்தவர். எழுத்துச் சான்றோ நிழற்படமோ இல்லாமையால், உடன்கிடைத்த பிற திருமேனிகளின் அமைதியையும், ஒட்டியிருந்த மண்ணையும், கறையான் தடத்தையும் கொண்டு வழக்காட வேண்டியதாயிற்று. இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கோயிலே வழக்காடும் உரிமையுடையது என ஏற்றுக்கொண்டது. வெற்றி நம்முடையதே, ஆயினும் அதற்கு ஆண்டுகள் பல கழிந்தன.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசரோ, நியூயார்க்கு வணிகர் சுபாசு கபூர் வழியாக 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தை அடைந்தவர். அத்திருமேனி 1970ஐ ஒட்டியே இந்தியாவினின்று வெளியேறியது எனக் காட்டும் பொய்த்தாள்கள் உடன் அளிக்கப் பெற்றன. 1970ஆம் ஆண்டின் யுனெசுகோ உடன்படிக்கையும், 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருட் சட்டமும் தடையாகாதிருத்தற்குச் செய்த சூழ்ச்சி அது. ஆனால், அத்திருமேனி கோயிலில் இருந்தபோது புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்த நிழற்படம் அப்பொய்யைத் தகர்த்தது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப் பெற்றது. 'பாதாதி கேசாந்தம்' எனக் கல்லிற் பொறித்தோர் செய்த பணியையே அந்நிழற்படமும் செய்தது என்னலாம்.

அயல்நாட்டிலேனும் அவை அழியாது காக்கப் பெறுகின்றனவே என்பாரும் உளர். உலாத் திருமேனி காண்பொருளாக மட்டும் வார்க்கப் பெற்றதன்று. கோயிலுட் புக இயலாதார்க்கும் தெருவில் எழுந்தருளிக் காட்சி தருதற்கு அமைந்தது. அது நீங்கிய ஊரில் விழாவும் அதனைச் சார்ந்த உரிமைகளும் குன்றுகின்றன.

பூசை நின்று கதவடைத்த சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள், அளந்து எழுதப் பெறாதவை, நாளை காணாமற் போயின் அவற்றிற்காக வழக்காடுவது எதனைக் கொண்டு? கல்வெட்டுப் படிக்கப் பயிலும் தமிழ்த்துறை மாணவர் தத்தம் ஊர்க் கோயிலின் திருமேனிகளை முறையான ஒப்புதல் பெற்று அளந்தும் படமெடுத்தும், அவற்றின் பீட எழுத்துகளைப் படித்தும் பதிவு செய்தல் வேண்டும். களவிற்குப் பின் தேடும் சான்றினும் களவிற்கு முன் எழுதிய சான்றே வலிதென்பது மேற்கண்ட வழக்குகளால் இனிது விளங்கும்.