பாடக் காணொளிகளும் திரைப்பதிவுக் கருவிகளும்: ஒரு வரலாறு

திரைப்பதிவு என்பது கணினி அல்லது கைபேசித் திரையில் நிகழ்வதை, பெரும்பாலும் விளக்குபவரின் குரலோடு சேர்த்து, காணொளியாகச் சேமிக்கும் முறையாகும். மென்பொருள் பயிற்சி, கணிதம், நிரலாக்கம், மொழிப்பாடம் எனப் பல துறைகளில் மாணவர்களுக்கான காணொளிகள் இம்முறையில் உருவாகின்றன. இதற்கான கருவிகளின் வரலாற்றில், வசதிகள் மிகுந்த கருவியே எப்போதும் வென்றதில்லை. கோப்பின் அளவு, விலை, மாணவரின் இணைய இணைப்பு, மொழி, கோப்பு வடிவத்தின் ஆயுள் ஆகியவையே எந்தப் பாடம் மாணவரைச் சென்றடையும் என்பதைத் தீர்மானித்துள்ளன.

முன்னோடி

திரையில் நடப்பதைக் கணினியே பதிவுசெய்யும் வசதி வருவதற்கு முன், திரையைக் கேமராவால் படம்பிடிப்பதே வழியாக இருந்தது. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய செயல்விளக்கம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. சுட்டி, மீயுரை, பலர் கூடி ஓர் ஆவணத்தைத் திருத்துதல் ஆகியவை அங்கே பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டன. கணினி மென்லோ பார்க்கில் இருந்தது. அதன் சிறிய திரைகளைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் படம்பிடிக்க, அப்படம் நுண்ணலை இணைப்பு வழியாக அரங்கின் பெரிய திரைக்கு வந்தது. நிகழ்வு படச்சுருளிலும் பதிவானதால் இன்றும் அதைப் பார்க்க முடிகிறது. கணினியின் பயன்பாட்டை விளக்கத் திரையையும் குரலையும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அதிலேயே முழுமையாக இருந்தது.

பின்னர் பயிற்சி நிறுவனங்கள் ஒளிநாடாவில் கணினிப் பாடங்களை வெளியிட்டன. ஆனால் கேமராவின் வேகமும் குழாய்த் திரை புதுப்பிக்கப்படும் வேகமும் பொருந்தாதபோது படத்தில் கருங்கோடுகள் ஓடின. சிறிய எழுத்துகளைப் படிப்பதும் கடினமாக இருந்தது.

1990கள்: கோப்பின் அளவு

1990களின் தொடக்கத்தில் லோட்டஸ் நிறுவனத்தின் ஸ்கிரீன்கேம் வெளியானது. விண்டோஸ் திரையில் நடப்பதையும் குரலையும் ஒருசேரப் பதிவுசெய்த தொடக்ககாலக் கருவிகளில் இது பரவலாக அறியப்பட்டது. ஆஃபீஸ் 97 தொகுப்புடன் மைக்ரோசாஃப்ட்டும் கேம்கார்டர் என்ற எளிய பதிவுக் கருவியை வழங்கியது.

அக்காலத்தின் பெரிய தடை சேமிப்பிடம். 640×480 அளவும் 256 நிறங்களும் கொண்ட திரையின் ஒரு நிலைப்படத்துக்குச் சுருக்கம் இல்லாமல் 3,07,200 பைட்டுகள் தேவை. 1.44 மெகாபைட் ஃபிளாப்பி வட்டில் அப்படிப்பட்ட நான்கு படங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. நொடிக்குப் பத்துப் படங்கள் என்று பதிவுசெய்தால் அரை நொடிப் பாடம்கூட ஒரு வட்டில் அடங்காது.

திரைப்படத்திலிருந்து திரைப்பதிவு வேறுபடும் இடத்தில் இதற்குத் தீர்வு கிடைத்தது. கணினித் திரையின் பெரும்பகுதி பல நொடிகளுக்கு மாறாமல் இருக்கும். சுட்டி நகரும் இடமும் திறக்கும் பட்டியலும் மட்டுமே மாறும். மாறிய பகுதியை மட்டும் சேமித்தால் கோப்பு பல மடங்கு சிறுக்கும், எழுத்தின் கூர்மையும் குறையாது. டெக்ஸ்மித் நிறுவனம் தன் கேம்டேசியா மென்பொருளுக்காக உருவாக்கிய இழப்பில்லாச் சுருக்கமுறை இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் இத்தகைய கோப்பைத் திறக்க மாணவரின் கணினியிலும் அதற்குரிய மென்பொருள் இருக்க வேண்டியிருந்தது.

ஃபிளாஷும் ஒரு புதிய பெயரும்

இச்சிக்கலை ஃபிளாஷ் தற்காலிகமாகத் தீர்த்தது. ஃபிளாஷ் இயக்கி பெரும்பாலான உலாவிகளில் ஏற்கெனவே இருந்ததால், அவ்வடிவில் வெளியிட்ட பாடத்தை மாணவர் எதையும் புதிதாக நிறுவாமல் பார்க்க முடிந்தது. ரோபோடெமோ, அதன் வழிவந்த கேப்டிவேட், இலவசமாகக் கிடைத்த விங்க் முதலிய கருவிகள் இவ்வடிவில் பாடங்களை உருவாக்கின. மாணவர் சரியான பொத்தானைச் சொடுக்கினால்தான் அடுத்த படி நகரும் ஊடாட்டப் பயிற்சிகளையும் இவற்றில் அமைக்க முடிந்தது.

இவ்வகைக் காணொளிக்குப் பெயர் சூட்டுமாறு 2004இல் பத்தி எழுத்தாளர் ஜான் உடெல் தன் வாசகர்களிடம் கேட்டார். அவர்கள் முன்மொழிந்தவற்றிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த 'ஸ்கிரீன்காஸ்ட்' என்ற சொல் நிலைத்தது. 2005 ஜனவரியில் அவரே வெளியிட்ட ஒரு திரைப்பதிவு, ஒரு விக்கிப்பீடியாக் கட்டுரை பலரின் திருத்தங்களால் வளர்ந்த விதத்தைப் படிப்படியாகக் காட்டியது. மென்பொருள் பயிற்சிக்கு அப்பாலும் திரைப்பதிவு பயன்படும் என்பதற்கு அது தொடக்ககாலச் சான்று.

கட்டணக் கருவிகளை வாங்க இயலாதோருக்கு வேறு வழிகளும் இருந்தன. கேம்ஸ்டுடியோ மென்பொருளின் மூலநிரல் பொது உரிமத்தில் வெளியிடப்பட்டதால் அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்த முடிந்தது. ஹைப்பர்கேம் கருவியைப் பணம் செலுத்தாமல் பயன்படுத்தினால் காணொளியின் மூலையில் 'பதிவுசெய்யப்படாதது' என்று பொருள்படும் ஆங்கில வரி தோன்றியது. யூடியூபின் முதல் ஆண்டுகளில் வெளியான எண்ணற்ற செய்முறைக் காணொளிகளில் அவ்வரியை இன்றும் காணலாம்.

ஆசிரியர் கையில் திரைப்பதிவு

2004இல் பாஸ்டனில் பணியாற்றிய சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் உறவுச் சிறுமிக்குத் தொலைபேசியிலும் இணைய வரைபலகையிலும் கணிதம் கற்பித்தார். பிற உறவினர்களும் கேட்கத் தொடங்கவே, 2006இல் பாடங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார். கான் அகாடமி இதிலிருந்து உருவானது. அவர் தன் முகத்தைக் காட்டவில்லை. கருநிறப் பின்னணியில் வண்ணக் கையெழுத்தும் குரலும் மட்டுமே இருந்தன. சுமார் 200 டாலர் விலையுள்ள கேம்டேசியா, சுமார் 80 டாலர் விலையுள்ள வரைபலகை, இலவச வரைதல் மென்பொருளான ஸ்மூத்டிரா ஆகியவை அவருடைய கருவிகள். 2006 முதல் யூடியூப் விதித்திருந்த 10 நிமிட வரம்புக்குள் பாடங்கள் அடங்க வேண்டியிருந்ததால், ஒரு காணொளிக்கு ஒரு கருத்து என்ற வடிவம் அமைந்தது. 2010இல் அவ்வரம்பு தளர்ந்த பிறகும் சிறு பாடங்கள் என்ற முறை நிலைத்தது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜோனதன் பெர்க்மனும் ஏரன் சாம்ஸும் 2007இல் தம் வகுப்புகளைத் திரைப்பதிவு செய்தனர். விளையாட்டுப் போட்டிகளுக்காகவும் பிற காரணங்களுக்காகவும் வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்கு உதவுவதே நோக்கம். விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு, பயிற்சியை வகுப்பில் ஆசிரியர் துணையுடன் செய்யும் 'தலைகீழ் வகுப்பறை' முறை பரவியதில் இவர்களின் பங்கு பெரிது.

ஸ்போக்கன் டுடோரியல்: கட்டற்ற கருவிகளும் தமிழ்க் குரலும்

இந்தியாவில் திரைப்பதிவைப் பெரிய அளவில் கல்விக்குப் பயன்படுத்திய முயற்சி, ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டமாகும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பவழிக் கல்வி இயக்கத்தின் நிதியுதவியுடன் இது வளர்ந்தது. லிப்ரேஆஃபீஸ், சைலேப், லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் 10 நிமிடப் பாடங்களாக இது கற்பிக்கிறது.

ஆசிரியர் அருகில் இல்லாமல் தானாகக் கற்பவருக்காகவே இப்பாடங்கள் வடிவமைக்கப்பட்டன. மாணவர் திரையின் ஒரு பாதியில் காணொளியையும் மறுபாதியில் மென்பொருளையும் திறந்துவைத்து, ஒவ்வொரு படியையும் உடனே செய்துபார்க்க வேண்டும். பதிவுக்கு முன் உரை முழுவதும் எழுதப்படுகிறது. அத்துறை அறியாத ஒருவர் அதைப் படித்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பார்த்த பிறகே பதிவு நடக்கிறது.

பதிவுக்கு லினக்ஸில் ரெக்கார்டுமைடெஸ்க்டாப், விண்டோஸில் கேம்ஸ்டுடியோ போன்ற கட்டற்ற கருவிகள் பயன்பட்டன. ஒலிக்கு அடாசிட்டி பயன்பட்டது. பாடங்கள் ஓஜிவி என்னும் திறந்த வடிவில் வெளியாயின. இதனால் பாடம் உருவாக்குவோரோ கற்போரோ எந்தக் கட்டத்திலும் உரிமத்துக்குப் பணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை.

திட்டத்தின் மற்றொரு முடிவு மொழி சார்ந்தது. திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்க, குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு மாற்றப்பட்டது. பாடத்தை மாணவர் தன் மொழியில் புரிந்துகொள்வார், வேலையிடத்தில் காணப்போகும் ஆங்கிலப் பட்டியல்களுக்கும் பழகிவிடுவார். குரல் தனித் தடமாகவும் உரை தனி ஆவணமாகவும் இருந்ததால், திரையை மீண்டும் பதிவுசெய்யாமலே புதிய மொழியைச் சேர்க்க முடிந்தது. ஆங்கிலக் கட்டளையில் வினை முதலில் வரும். தமிழில் பட்டியலின் பெயர் முதலிலும் 'சொடுக்கவும்' என்பது இறுதியிலும் வரும். ஆகவே திரையில் சுட்டி நகரும் நேரத்துக்குப் பொருந்தும்படி மொழிபெயர்ப்பைச் சுருக்கியும் மாற்றியும் எழுத வேண்டியிருந்தது.

இயங்குதளத்துக்குள் வந்த பதிவு

2009இல் மேக் கணினிகளின் குயிக்டைம் பிளேயரிலும், 2011இல் லினக்ஸின் குனோம் 3 சூழலிலும் திரைப்பதிவு இடம்பெற்றது. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 பிற செயலிகளுக்கு இவ்வசதியைத் திறந்துவிட்டது. 2015இல் விண்டோஸ் 10, 2017இல் ஐஓஎஸ் 11, 2020இல் ஆண்ட்ராய்டு 11 ஆகியவற்றிலும் உள்ளமைந்த பதிவு வசதி வந்தது. விண்டோஸ் 10இன் கருவி விளையாட்டுகளுக்காக உருவானதால் ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டுமே பதிவுசெய்தது. பல சாளரங்களுக்கிடையே மாறி மாறிக் காட்ட வேண்டிய பாடத்துக்கு அது பொருந்தவில்லை.

2012இல் ஹியூ பெய்லி தொடங்கிய ஓபிஎஸ் நேரலை ஒளிபரப்புக்காக உருவான கட்டற்ற மென்பொருள். பின்னர் லினக்ஸ், மேக் கணினிகளுக்கும் விரிந்தது. நேர வரம்போ நீர்க்குறியோ இல்லாததால் ஆசிரியர்களும் இதைப் பெருமளவில் ஏற்றனர். பதிவின் நடுவே மின்சாரம் நின்றால் வழக்கமான எம்பி4 கோப்பு திறக்க முடியாமல் போகலாம். இதில் எம்கேவி வடிவில் பதிவுசெய்தால் அதுவரை பதிவானது மிஞ்சும். 2020இல் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இவ்வளவு கருவிகளும் ஆசிரியர்கள் கைக்கு எட்டும் நிலையில் இருந்தன.

மறைந்த பாடங்கள்

2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. உலாவிகளும் அதைக் கைவிட்டன. அவ்வடிவில் மட்டும் இருந்த பயிற்சிகளைச் சாதாரண உலாவியில் திறக்க முடியாமல் போயிற்று. ரஃபிள் போன்ற கட்டற்ற போன்மிகள் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றன. மூலக்கோப்பும் எழுத்துவடிவ உரையும் பாதுகாக்கப்பட்டிருந்தால் பாடத்தை மீண்டும் உருவாக்க முடிந்தது. இறுதிக் கோப்பு மட்டும் இருந்தவர்களுக்கு அவ்வழி இல்லை.

தேர்ந்தெடுக்க உதவும் அளவுகோல்கள்

எட்எக்ஸ் தளத்தின் 69 லட்சம் காணொளிப் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, 6 நிமிடங்களுக்கு உட்பட்ட காணொளிகளையே மாணவர்கள் ஈடுபாட்டுடன் பார்த்தனர் என்று காட்டியது. கையால் எழுதி விளக்கும் காணொளிகள், வில்லைக்காட்சிகளையும் நிரல் திரைப்பதிவுகளையும் விட அதிக ஈடுபாட்டைப் பெற்றன. செலவு மிகுந்த படப்பிடிப்பு அதற்கேற்ற பலனைத் தர வேண்டும் என்பதில்லை என்பதும் தெரியவந்தது.

இவ்வரலாற்றின் அடிப்படையில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கோப்பு வடிவம்: பரவலான அல்லது திறந்த வடிவில் சேமிக்க முடிய வேண்டும். ஒரே நிறுவனத்தின் சேவையில் மட்டும் பாடம் இருக்கக் கூடாது.

2. ஒலித்தடம்: குரலைத் தனியாகச் சேமிக்க முடிந்தால் பிழைதிருத்தமும் மொழிமாற்றமும் எளிது.

3. எழுத்தின் தெளிவு: வழக்கமான காணொளிச் சுருக்கம் நிற விவரத்தை நான்கு பிக்சல்களுக்கு ஒன்றாகக் குறைக்கிறது. நீலத்தின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து மங்கும். வெள்ளையில் கறுப்பு பாதுகாப்பானது.

4. பார்க்கும் கருவி: அகன்ற கணினித் திரையை முழுமையாகப் பதிவுசெய்தால் கைபேசியில் எழுத்துகளைப் படிக்க முடியாது. வேண்டிய பகுதியை மட்டும் பதிவுசெய்யும் அல்லது பெரிதாக்கிக் காட்டும் வசதி தேவை.

5. வரம்புகள்: இலவசப் பதிப்பின் நேர வரம்பையும் நீர்க்குறியையும் தொடக்கத்திலேயே சோதித்தறிய வேண்டும்.

6. அந்தரங்கம்: பதிவின்போது மாணவர் பெயர், மதிப்பெண், வந்துசேரும் செய்திகள் திரையில் தோன்றாதபடி அறிவிப்புகளை நிறுத்தும் வழி இருக்க வேண்டும்.