சேகோக் குமிழும் யூற்றாக் குடியேற்றமும்

வட அமெரிக்காவின் மேற்கே, றொக்கி மலைத்தொடரை அடுத்துக் கிடக்கும் வறண்ட நிலங்களில் சேகோ என்னும் செடி தானாகவே வளர்கிறது. லில்லிக் குடும்பத்தைச் சார்ந்ததாயினும் இதனை அல்லி என்று தமிழாக்குதல் பொருந்தாது. நமது குளத்து அல்லிக்கும் இதற்கும் உறவேதும் இல்லை. புல்லையொத்த இலைகள், மெல்லிய தண்டு, அடியில் மஞ்சள் படர்ந்த மூன்று வெள்ளிதழ்கள் என்பனவே வெளியில் தெரிவன. வரலாற்றில் இடம்பெற்றதோ மண்ணுள் மறைந்திருக்கும் அதன் சிறு குமிழாகும்.

தாவரவியலார் இச்செடிக்கு இட்ட இனப்பெயர் தோமஸ் நட்டால் என்ற ஆங்கிலேய ஆய்வாளரை நினைவூட்டுவது. ஆயினும் மக்கள் வழக்கில் நிலைத்தது சுதேச மக்களின் சொல்லான சேகோ என்பதே. யூற், சொசோனி, பயூற் ஆகிய மக்கள் நெடுங்காலமாக இதனை உண்டு வந்தனர். பெண்கள் கூரிய கோல்களாற் குமிழ்களைத் தோண்டியெடுத்தனர். அவற்றைச் சுட்டும் அவித்தும் உண்டதோடு, உலர்த்தி இடித்து மாவாக்கிச் சேமித்தும் வைத்தனர். இது எளிய தொழிலன்று. அதே நிலத்தில் இதனையொத்த நச்சுக் குமிழ்ச் செடியொன்றும் வளர்வதால், இரண்டையும் பிரித்தறியும் அறிவு தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட வேண்டியிருந்தது.

1847 ஆம் ஆண்டு யூலை மாதம், பிரிகம் யங்கின் தலைமையில் மோர்மன் சமயத்தினர் சோல்ற் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். கிழக்கே துன்புறுத்தப்பட்டு வெளியேறியவர்கள் அவர்கள். 1848 இல் உறைபனியும் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் படையெடுப்பும் அவர்களது பயிரை அழித்தன. புதிதாக வந்து சேர்ந்தோரும் பெருகவே உணவு போதாதாயிற்று. அப்பஞ்ச காலத்திலே குடியேறியோர் சேகோக் குமிழைத் தோண்டி உண்டு உயிர் பிழைத்தனர். எதை எங்கே தோண்டுவது என்பதை அவர்கள் சுதேச மக்களிடமிருந்தே கற்றனர். நச்சுக் குமிழை மாறியுண்டு நோயுற்றோரும் உளர்.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. குடியேறியோருக்குச் சேகோ பஞ்சகால உணவு; விளைச்சல் மீண்டதும் கைவிடப்பட்டது. சுதேச மக்களுக்கோ அது பருவந்தோறும் கிடைக்கும் வழமையான உணவு. அவர்களது ஆண்டுச் சுற்றில் அதற்கென ஓர் இடம் இருந்தது. விதையிலிருந்து இச்செடி பூப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். எனவே மேய்ச்சலால் ஒருமுறை அழிந்த இடம் விரைவில் மீளாது. குடியேறியோரின் மாடுகளும் ஆடுகளும் புல்விதைகளையும் கிழங்கு நிலங்களையும் அழித்தன. நீரூற்றுகளை அடுத்த நல்ல நிலங்கள் யாவும் பண்ணைகளாயின.

சுதேச மக்களோடு போரிடுவதைவிட அவர்களுக்கு உணவளிப்பதே செலவு குறைந்தது என்பது பிரிகம் யங்கின் கொள்கை. அக்காலத்துப் பிற குடியேற்றத் தலைவர்களோடு ஒப்பிடுகையில் இது மிதமானதே. ஆயினும் உணவு கற்பித்தவர்கள் சில ஆண்டுகளுக்குள் உணவுக்குக் கையேந்தும் நிலைக்கு ஏன் வந்தனர் என்ற வினாவை அக்கொள்கை எழுப்பவில்லை. பசியாற் கால்நடைகளைக் கவர்ந்தவர்கள் கள்வர் எனப்பட்டனர். 1853 இல் யூற் தலைவர் வாக்கராவின் பெயரால் அறியப்படும் போர் மூண்டது. 1861 இல் ஜனாதிபதி லிங்கனின் ஆணைப்படி யுயின்ரா பள்ளத்தாக்கு யூற் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1863 சனவரி 29 இல், இன்றைய ஐடஹோ மாநிலத்துள் அடங்கும் பெயர் ஆற்றங்கரையில், அமெரிக்கப் படையினர் சொசோனி மக்களைக் கொன்றொழித்தனர். இறந்தோர் தொகை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும் குறைந்த மதிப்பீடுகளும் 200 ஐத் தாண்டுகின்றன. அதற்குமுன் அவர்களது காச்சி பள்ளத்தாக்கிற் பண்ணைகள் பரவி, உணவு நிலங்கள் சுருங்கியிருந்தன என்பது மறக்கற்பாலதன்று.

1896 இல் மாநிலமான யூற்றா, 1911 இற் சேகோவைத் தனது மாநில மலராகச் சட்டத்தால் ஏற்றது. மூதாதையர் பட்ட பசியின் நினைவே அத்தெரிவுக்கு அடிப்படை. 1913 இல், பூச்சிகளைத் தின்று பயிர் காத்ததாகப் போற்றப்படும் கடற்காக்கைகளுக்குச் சோல்ற் லேக் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. பறவைக்குத் தூணும் பூவுக்குச் சட்டமும் கிடைத்தன. கோல்கொண்டு தோண்டிக் காட்டிய பெண்களின் நினைவாக அந்நாளில் எஞ்சியது, பூவின் பெயராகிய அவர்களது சொல் ஒன்றே.