ஓர் இறாலும் அதன் அடையாளமும்

சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் பிரான்சின் நீஸ் நகரத்திலிருந்து ஒரு படம் அனுப்பினான். கடலில் முங்கி எடுத்த படம். கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே கண்ணாடி போல ஓர் இறால். நம் வீட்டில் வாங்கும் சென்னாக்கூனியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உடம்பில் ஊதா நிறக் கோடுகள். "தாத்தா, இது என்ன இறால்?" என்று கேட்டிருந்தான். பிரெஞ்சுப் புத்தகம் என்றால் தாத்தா படித்துச் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை அவனுக்கு.

தேடிப் படித்ததில் அந்த ஊர்க்காரர் ஒருவரே கிடைத்தார். பெயர் அந்துவான் ரிஸோ. 1777ல் நீஸில் பிறந்து 1845ல் மறைந்தவர். மருந்துக்கடைக்காரர், பின்னாளில் லிசேயில் ஆசிரியர். தன் ஊர்க் கடலில் கிடைத்த மீன்களைப் பற்றி 1810லும், இறால், நண்டு வகைகளைப் பற்றி 1816லும் நூல் எழுதினார். ஆரஞ்சு மரங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் பிறந்தபோது நீஸ் சார்டீனிய அரசின் ஊர். இளவயதில் பிரெஞ்சுக்காரர் வசம் போனது. 1814ல் திரும்பவும் சார்டீனியா. பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது 1860ல், அவர் இறந்து பதினைந்து வருடம் கழித்து. கொடி மாறியதைப் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1826-27ல் ஐந்து பாகங்களாக வந்த அவருடைய பெரிய நூலில் இந்த ஊதா இறால் இருக்கிறது. செவ்வந்திக்கல்லின் பெயரை, அதாவது அமெதிஸ்ட் என்பதை, அதற்கு வைத்தார். இனத்தை மட்டும் ஆல்ஃபியஸ் என்று எழுதினார். 1844ல் நேப்பிள்ஸின் கோஸ்டா பெரிக்ளிமெனஸ் என்ற புதிய இனப்பெயரை ஏற்படுத்த, நம் இறால் பிறகு அதற்குள் வந்தது. அதனால் இன்று பெரிக்ளிமெனஸ் அமெதிஸ்டியஸ் என்று எழுதி, ரிஸோவின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். இனம் மாறினால் முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குள் வைப்பது விதி. பிரெஞ்சுப் பதிவேட்டில் கல்யாணமான பெண்ணின் பெயரோடு பிறந்த வீட்டுப் பெயரையும் விடாமல் எழுதுவோமே, ஏறக்குறைய அதே மாதிரி.

1861ல் நார்மன் என்ற ஆங்கிலப் பாதிரியார் இன்னொன்றுக்குப் பெயரிட்டார்: சாஜிட்டிஃபர், அம்பு தாங்கி. முதுகில் அம்பு முனை போல ஒரு குறி. மத்தியதரைக் கடலில் பழைய பெயர்களுக்குள் மூன்றாவது ஒன்று கலந்து கிடந்தது 1996ல்தான் தெரிந்தது. அதை எஜிலியோஸ் என்று பிரித்தவர்கள் எழுதிய கட்டுரையும் பிரெஞ்சில்தான்.

ஏன் இத்தனை வருடம்? உயிரோடு இருக்கும்போது கோடும் புள்ளியும்தான் இவற்றின் அடையாளம். சாராயப் புட்டியில் போட்டால் நிறம் போய்விடும். கொதிக்கும் குழம்பில் இறால் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். புட்டியில் அந்தச் சிவப்புகூட மிஞ்சாது. பிறகு நெற்றி முள்ளில் எத்தனை பல், காலில் எந்தக் கணு நீளம் என்று எண்ண வேண்டியதுதான். 1902ல் ஷெங்கல் என்பவர் சுலவேசித் தீவின் மக்காசரில் கிடைத்த ஓர் இறாலுக்குப் பெயரிட்டார். உயிரோடு பார்த்தால் வெள்ளைத் திட்டுகளும், வாலில் கருப்பு வளையமிட்ட ஆரஞ்சுப் புள்ளிகளுமாக மயில்தோகை போல இருக்கும். அதுவும் கடல் சாமந்தியில் வாழ்வதுதான், நம் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. அவர் வைத்த பெயர் பிரேவிகார்ப்பாலிஸ், குட்டை மணிக்கட்டு.

அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நான் ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்புகள் பார்த்த காலம். எங்கள் தெருவிலேயே இருந்த ஓர் ஆயா, கணவர் இறந்து மனு கொடுத்தார். பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர் பெயர் ஒரு விதம், ரேஷன் கார்டில் வேறு விதம். இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை வந்து, "தம்பி, என்னை உனக்குத் தெரியலையா?" என்றார். தெரியும். என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர். "தெரியும் ஆயா, ஆனா பேப்பர்ல இல்லையே" என்றேன். இரண்டு சாட்சிகளோடு ஒரு வாக்குமூலம் வாங்கி அன்றே முடித்திருக்கலாம். அந்த வழி எனக்குத் தெரிந்தே இருந்தது. பணம் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று.

விதி வேண்டாம் என்று சொல்லவில்லை. முள்ளையும் கணுவையும் எண்ணியவர்களால்தான் மூன்றும் பிரிந்தன. ஆனால் உயிரோடு எதிரில் நிற்பதையும் பார்க்க வேண்டும்.

பேரனுக்கு எழுதினேன்: "படத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் ஊர் ரிஸோ பெயரிட்டது போலத்தான் தெரிகிறது. உறுதியாகச் சொல்ல, அடுத்த முறை முதுகுக் கோட்டையும் வாலையும் நெருக்கமாக எடு. எந்த வகைச் சாமந்தி, எவ்வளவு ஆழம், என்ன தேதி என்று குறித்துக்கொள். இறாலைப் பிடித்துப் புட்டியில் மட்டும் போடாதே."