உச்சியில் நிற்கும் ஆடு: ஆடு புலி ஆட்டத்தின் வெட்டு விதி குறித்து

ஆடு புலி ஆட்டத்தில் முக்கோணத்தின் உச்சிப் புள்ளியில் ஆடு நிற்கிறது. உச்சியிலிருந்து கீழே இறங்கும் கதிர்க் கோடுகளில் ஒன்றில் புலி, அடுத்த கதிரில் காலி இடம். புலி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி ஆட்டை வெட்டலாமா? வெட்டக் கூடாது என்பதே இக்கட்டுரையின் முடிவு. கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இதற்குத் தரும் விடையைப் பொறுத்தே இந்த ஆட்டத்தின் பிற நகர்வுகள் பலவும் அமைகின்றன. எழுதி வைக்கப்படாத விதி ஒன்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுத்தவர்களிடையே ஓர் எண்ணம் வெகுநாளாக நிலைபெற்றிருக்கிறது. இவை வாய்வழி ஆட்டங்கள், ஊருக்கு ஊர் விதி மாறும், ஆகவே எது சரியான விதி என்று கேட்பதே பொருந்தாது என்பது அது. பணிவான நிலைப்பாடு போலத் தெரிந்தாலும், இதில் ஆராயாமல் விட்ட சோம்பல் ஒன்று இருக்கிறது. எழுத்தில் இல்லாதது நெகிழ்வானது என்ற அனுமானம் யாராலும் நிறுவப்படாமலே வழக்காகிவிட்டது.

இந்த அனுமானத்துக்கு எதிரான சான்றைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பம் முதலிய மீனவக் குப்பங்களில் பாடு முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. எந்த இடத்தில், எந்த முறைக்கு, எவர் வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கும் சுழல் முறையும் தீர்மானிக்கின்றன. சட்டப் புத்தகத்தின் துணை இல்லாமலே தலைமுறைகளாக இது நடந்து வந்திருக்கிறது. முறையில் இடமில்லாத ஊர்களோடு பூசலும் வழக்கும் வந்ததுண்டு; பாட்டின் நியாய அநியாயம் தனியே பேசப்பட வேண்டியது. இங்கே வேண்டியது ஒன்றுதான்: எழுதப்படாத விதி இறுக்கமாக இருக்க முடியும். தன் முறை அல்லாத நாளில் வலை இறக்கியவர், வாய்வழி வழக்கு நெகிழ்வானது என்று ஊர்க்கூட்டத்தில் வாதிட முடியாது. விதி எழுத்தில் இல்லை என்றால் வேறெங்கோ இருக்கிறது. பாட்டில் அது தலைக்கட்டுக் கணக்கிலும் முறையின் வரிசையிலும் இருக்கிறது. ஆடு புலி ஆட்டத்தில் அது எங்கே இருக்கிறது?

கோடுகளில் இருக்கிறது என்பது என் வாதம்.

கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு நான்கு கதிர்கள் இறங்குகின்றன. அவற்றைக் குறுக்கே மூன்று கோடுகள் வெட்டுகின்றன. இக்குறுக்குக் கோடுகள் முக்கோணத்துக்கு வெளியேயும் நீண்டு, இரு புறமும் ஒவ்வொரு செங்குத்துக் கோட்டில் முடிகின்றன. உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். கதிர் 4, குறுக்கு 3, அடிக்கோடு 1, செங்குத்து 2 என மொத்தம் 10 கோடுகள். இதில் 3 புலிகளும் 15 ஆடுகளும் ஆடுகின்றன.

அச்சில் வந்த விளக்கங்கள் பெரும்பாலும் வெட்டு விதியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன: பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதற்கடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி ஆட்டை வெட்டலாம். திசை சொல்லப்படவில்லை. கூடவே வரும் படம் திசையைக் காட்டிவிடும் என்று எழுதியவர் எண்ணியிருக்கலாம். பின்னால் வந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டின் மேலேறி எந்தப் பக்கமும் திரும்பி இறங்கலாம் என்ற வாசிப்பு அப்படித்தான் பிறந்தது. இதை வளைவு வாசிப்பு என்றும், வந்த கோட்டிலேயே தொடர்ந்து இறங்க வேண்டும் என்பதைக் கோட்டு வாசிப்பு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்க்கலாம். கோட்டு வாசிப்பில், ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரும் மூன்று புள்ளிகள் ஒரு வெட்டுக்கு வழி. கதிர்களில் 12, குறுக்குக் கோடுகளில் 12, அடிக்கோட்டில் 2, செங்குத்துகளில் 2 என மொத்தம் 28 வழிகள். ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் போகலாம். வளைவு வாசிப்பில் இதே கட்டம் 96 வழிகளைத் தருகிறது. மூன்று மடங்குக்கு மேல். இதை ஊர் வழக்கின் சிறு வேறுபாடு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

அந்த எண்ணிக்கையை விட முக்கியமானது ஆட்டின் புகலிடம். கோட்டு வாசிப்பில் எந்தக் கோடும் ஊடுருவிச் செல்லாத புள்ளிகள் ஏழு: உச்சி, அடிக்கோட்டின் இரு முனைகள், வெளிச் சதுரத்தின் நான்கு மூலைகள். இந்த ஏழில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது, ஏனென்றால் அதைத் தாண்டிப் போகக் கோடே கிடையாது. வளைவு வாசிப்பில் புகலிடம் ஒன்றுகூட மிஞ்சாது.

ஆட்டத்துக்குள் வழங்கும் அறிவுரை இங்கே சாட்சியாகிறது. ஆடு வைக்கப் பழகுபவருக்கு முதலில் சொல்லித் தருவது, நடுவில் வைக்காதே, மூலையில் வை என்பதுதான். கேட்டால் விதியைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கூட இதைச் சொல்வார். வளைவு வாசிப்பில் மூலைக்குத் தனிக் காப்பு எதுவும் இல்லை. மூலையில் நிற்கும் ஆட்டுக்கு இரு பக்கம் புள்ளிகள் உண்டு, ஒன்றில் புலி வந்து மற்றது காலியாக இருந்தால் போதும், ஆடு போய்விடும். வளைவாகத் தாண்டலாம் என்றிருந்தால் இந்த அறிவுரைக்கு இத்தனை உறுதி இருக்கக் காரணமில்லை. தகவலாளி வாயால் சொல்லும் விதியை விட, அவர் பேரனுக்குச் சொல்லித் தரும் உத்தியை நான் கூடுதலாக நம்புகிறேன். விதியைச் சொல்லும்போது மனிதர் சுருக்கிச் சொல்வார். உத்தியைச் சொல்லும்போது ஜெயிப்பதற்காகச் சொல்வார்.

கட்டத்தின் வடிவமும் இதையே காட்டுகிறது. குறுக்குக் கோடுகள் முக்கோணத்தோடு நின்றுவிடாமல் ஏன் வெளியே நீள்கின்றன? நிற்பதாக வைத்துக்கொண்டால், ஓரக் கதிர்கள் இரண்டின் மேலும் உள்ள ஆறு புள்ளிகள் குறுக்குக் கோடுகளின் முனைகளாகிவிடும். அங்கே நிற்கும் ஆட்டைக் கதிர் வழியே வெட்டலாமே தவிர, குறுக்கே வெட்ட முடியாது. கோடுகள் நீண்டதும் அந்த ஆறும் குறுக்கு வெட்டுக்குத் திறந்துகொள்கின்றன. கூடவே நான்கு புது மூலைகள் ஆட்டுக்குப் புகலிடமாகக் கிடைக்கின்றன. புலிக்கும் ஆட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று கொடுத்த அமைப்பு இது. கோடு தொடர்வதும் முடிவதும் கணக்கில் வரும்போதுதான் இதற்குப் பொருள் உண்டு. எந்தப் பக்கமும் வளைந்து போகலாம் என்றால், இத்தனை கவனமாகக் கோடுகளை நீட்டி முடிக்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது?

ஒரு மறுப்பு வலுவானது, அதை மதித்துப் பேச வேண்டும். கோயில் மண்டபத் தரையில் உளியால் வெட்டிய கட்டங்களில் கோடு நேராக இருக்கலாம். கடற்கரை மணலில் விரலாலும் திண்ணையில் கரித்துண்டாலும் கிழிக்கும் கட்டத்தில் நேர்கோடு எங்கே இருக்கிறது? நடுக்கதிர்கள் வயிறு தள்ளி நிற்கும், குறுக்குக் கோடு ஒரு பக்கம் சரியும். அப்படியானால் நேராகத் தாண்டு என்பதற்கு என்ன பொருள்?

அளவுகோல் வைத்துப் பார்க்கும் நேரை இந்த விதி கேட்கவில்லை. ஒரே இழுப்பில் வந்த கோடு எவ்வளவு வளைந்தாலும் ஒரே கோடுதான். தகராறு வரும்போது ஆடுபவர் செய்வதைப் பார்த்தால் இது விளங்கும். புலி நிற்கும் இடத்தில் விரலை வைத்து, ஆட்டின் மேலாக, விரலை எடுக்காமல் கோட்டைத் தடவிக்கொண்டே போய் அடுத்த புள்ளியில் நிறுத்துவார். விரல் திரும்ப நேர்ந்தால் எதிராளி கையைத் தட்டிவிடுவார்.

இந்த விளக்கம் எனக்கே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. முக்கோணத்தின் இரு புறக் கதிர்களையும் பலர் ஒரே இழுப்பில் கிழிக்கிறார்கள்: கீழிருந்து உச்சிக்கு ஏறி, கையெடுக்காமல் மறுபக்கம் இறங்குகிறார்கள். இழுப்பே அளவு என்றால் உச்சி முனையாகாமல் நடுப்புள்ளி ஆகிவிடுகிறது. உச்சியில் நிற்கும் ஆட்டை வெட்டலாம் என்பவர்களின் மிகச் சிறந்த வாதம் இதுதான். என் அறிவுக்கு எட்டியவரை இதற்கு விடை இரண்டு.

ஒன்று, வெளிச் சதுரத்தையும் அப்படியே கையெடுக்காமல் கிழிப்பவர் உண்டு. உச்சிக்குப் பொருந்தும் வாதம் மூலைகளுக்கும் பொருந்தியாக வேண்டும். உச்சியைத் தாண்டலாம் என்பவரும் சதுர மூலையைத் தாண்டலாம் என்று வாதிடுவதில்லை. இழுப்பு திரும்பும் இடத்தில் கோடு முடிகிறது என்பதை அங்கே ஒப்புக்கொண்டுவிட்டு இங்கே மறுக்க முடியாது.

மற்றொன்றை நான் இதை விடப் பெரிதாக எண்ணுகிறேன். கோட்டு வாசிப்பில் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும், ஒரு திசையிலிருந்து வரும் புலிக்கு இறங்கும் இடம் ஒன்றுதான், அல்லது எதுவுமில்லை. ஆடு வைப்பவர் தன் ஆட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளியை அடைத்தால் போதும். கட்டம் முழுவதிலும் ஆட்டுக்காரரின் சிந்தனை இந்த ஒற்றைப் புள்ளியை வைத்தே ஓடுகிறது. உச்சி கடக்கக்கூடியதானால், முதல் கதிரிலிருந்து ஏறும் புலி இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் இறங்கலாம். ஒரு புள்ளிக்கு மட்டும் மூன்று வாசல். அதை அடைக்க மூன்று ஆடு வேண்டும். புற இழுப்பு வாதத்தை ஏற்றாலும் முதல் கதிரிலிருந்து நான்காவதற்கு மட்டுமே போகலாம்; நடுக்கதிர்களுக்கு அந்த வாதம் எட்டாது. ஆகவே அந்த வாதம் தான் காக்க வந்த வழக்கத்தையே முழுதாகக் காப்பதில்லை. கட்டத்தில் வேறெங்கும் இல்லாத விலக்கு ஒன்றை உச்சிக்கு மட்டும் அளிக்க வேண்டுமானால் அதற்குத் தனிச் சான்று வேண்டும். அத்தகைய சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை.

புலியை நகரவிடாமல் கட்டும் கணக்கும் இதனோடு சேர்கிறது. கோட்டு வாசிப்பில் சதுர மூலையில் ஒதுங்கிய புலியைக் கட்ட நான்கு ஆடுகள் போதும்: பக்கத்தில் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் இரண்டு. உச்சியில் இருக்கும் புலிக்கு எட்டு. வளைவு வாசிப்பில் இவை ஆறும் பத்துமாகின்றன. மூன்று புலிகளையும் 15 ஆடுகளால் கட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. புலிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நின்றால் முடியும். ஆனால் ஆட்டுப் பக்கம் எடுப்பவர் எப்போதும் தோற்கப் பிறந்தவராகிவிடுவார். விரும்பி ஆடு பக்கம் எடுக்கும் கிழவர்கள் இருக்கும் ஆட்டம் அப்படி இருந்திருக்க முடியாது.

நேபாளத்தின் புலி-ஆடு ஆட்டமான பாக்சாலோடு ஒப்பிடலாம். அங்கே 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. தாண்டல் நேர்கோட்டில்தான், மூலையில் உள்ள ஆடு பத்திரம். இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்று நான் வாதிடவில்லை. இந்த வகை ஆட்டத்துக்குக் கோட்டு விதி இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு மட்டும் இதைத் துணையாகக் கொள்கிறேன்.

ஒரே முறையில் இரண்டு ஆடு வெட்டலாமா, வெட்டு கட்டாயமா என்ற கேள்விகளைக் கோடு தீர்க்காது. அவை ஆட்டம் தொடங்குமுன் பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை, பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. விதியெல்லாம் நெகிழ்வானது என்பதற்கு இவற்றை ஆதாரமாகக் காட்டுவது பிழை. பேசி முடிப்பது எது, பேச இடமில்லாதது எது என்ற வேறுபாட்டை ஆடுபவர்கள் அறிவார்கள்; தொகுத்தவர்கள்தான் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். உச்சியைக் கடக்கலாம் என்று இருவர் ஒப்பந்தம் செய்துகொண்டு ஆடினால் ஆடட்டும். அது அந்த இருவரின் ஆட்டம்.

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. தெலுங்கில் இதே ஆட்டம் புலி மேக. இரு மொழியும் புழங்கும் இந்தக் கரையில் கோட்டு விதியைச் சோதிப்பது மிகவும் பயனுள்ளது: பேச்சு மாறும் இடத்தில் கட்டம் மாறாதிருந்தால், விதியைத் தாங்கி நிற்பது சொல்லா கோடா என்பது தெளிவாகும். இனிக் குப்பங்களுக்குத் தொகுக்கப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. எப்படி ஆடுவீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டத்தைக் கிழிக்கச் சொல்லுங்கள், எந்தக் கோடு முதலில் வருகிறது, கை எங்கே எடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டுக் காயை அவர்கள் கையில் கொடுத்து, புலியால் தொட முடியாத இடங்களிலெல்லாம் இதை வைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஏழு இடம் வருகிறதா என்று எண்ணுங்கள்.