சுந்தரலிங்கம் பெயரைத் தாங்காத பேருந்துகள்

தெரு, சாலை, குடியிருப்புகளில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குமாறு தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் ஆணையிட்டது. தெருக்களின் சாதிப் பெயர்களை அகற்ற 1978ஆம் ஆண்டிலேயே ஓர் ஆணை பிறந்திருந்தது. இழிவு சுமத்தும் பெயரை நீக்குவது நீதி. ஆனால், எல்லாப் பெயர் நீக்கமும் நீதியாகாது என்பதற்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வரலாறு சான்று.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைத் தி.மு.க. அரசு சூட்டியது. ஒட்டப்பிடாரம் அருகிலுள்ள கவர்னகிரியில் பிறந்த அவர், கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரகுல வேளாளர். கட்டபொம்மன் பெயரில் முன்பே பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தளபதியின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் ஆதிக்கச் சாதியினர். பேருந்துகள் தாக்கப்பட்டன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின.

அரசு அந்தப் பெயரைக் காக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்க முடிவெடுத்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆனது.

அனைவருக்கும் பொதுவான விதி போல் தோன்றினாலும், அதன் காரணம் ஒரே ஒரு தலித் பெயருக்கு எழுந்த எதிர்ப்புதான். ஏனையோர் பல்லாண்டு பெற்ற சிறப்பு, சுந்தரலிங்கத்திற்குச் சில வாரங்களே கிட்டியது. வன்முறை தன் நோக்கத்தை எய்தியது.

இன்று தெருக்களுக்குப் புதுப்பெயர் தேடும் உள்ளாட்சி மன்றங்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். தலித் முன்னோர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டு, அதற்கு எதிர்ப்பு எழும்போது, அப்பலகையை அரசு காத்து நிற்பதே சமத்துவத்தின் அளவுகோல்.