உயரத்துக்கு ஏற்ற எடை: நமக்கான கணக்கு

"என் உயரத்துக்கு நான் எத்தனை கிலோ இருக்கலாம்?" என்ற கேள்விக்கு நம்மவர்களிடையே ஒரு சுருக்குவழி உண்டு. உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, அதில் நூறைக் கழித்துவிட வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்கும் கணக்கு இது. மனத்தில் வைத்துக்கொள்ள எளிதுதான். ஆனால் ஆள் உயரமாக உயரமாக இது அளவுக்கு மீறித் தாராளம் காட்டும்.

இன்று மருத்துவர்கள் பயன்படுத்துவது உடல் நிறைக் குறியீட்டெண். பி.எம்.ஐ என்றால் எல்லோருக்கும் புரியும். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே, வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவதை 1832இல் எடுத்துக்காட்டினார். மக்கள்திரளின் சராசரி மனிதனைத் தேடியவர் அவர்; நோயாளியைச் சோதிக்க வந்தவர் அல்லர். அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ் 1972இல்தான் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

என்னையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். என் உயரம் 165 செ.மீ., அதாவது ஐந்தடி ஐந்தங்குலம். 1.65ஐ 1.65ஆல் பெருக்கினால் 2.72. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் ஆரோக்கியமான குறியீட்டெண் 18.5 முதல் 25க்குள். இவ்விரு எண்களையும் 2.72ஆல் பெருக்கினால், 50 கிலோவிலிருந்து 68 கிலோ வரை எனக்கு இடமிருக்கிறது.

கணக்கு சரிதான். ஆனால் அந்த 25 யாருக்காக வகுத்த எல்லை என்பதை நாம் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் நோய், இறப்பு விவரங்களிலிருந்து பிறந்தது.

நான் வசிக்கும் ஆக்லாந்தின் ஆல்பனியில் மருத்துவரின் காத்திருப்பறையில் ஐரோப்பியர், சமோவாக்காரர், தமிழர் ஆகிய மூவர் அருகருகே உட்கார்ந்திருப்பது சாதாரணக் காட்சி. மூவரும் 165 செ.மீ. உயரம், 67 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் குறியீட்டெண் 24.6தான், ஆனால் மூன்று உடல்களும் ஒன்றல்ல. இதே நகரின் ஏ.யு.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் இலெய்ன் ரஷ்ஷும் உடனாய்வாளர்களும் ஐரோப்பியர், மாவோரி, பசிபிக் தீவினர், இந்திய வம்சாவளியினர் ஆகியோரின் உடலமைப்பைக் கதிர்ப்படக் கருவியால் அளந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே குறியீட்டெண்ணில் இந்திய வம்சாவளியினருக்கே கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றி அதிகம். தசை குறைவு. பசிபிக் தீவினரின் நிலை இதற்கு நேர்மாறு.

புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே இதற்குச் சான்றாக வெளியிட்டார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு!

இது வெறும் அளவைச் சிக்கல் அன்று. இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, வெள்ளையருக்குக் குறியீட்டெண் 30இல் வரும் நீரிழிவு அபாயம் தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. "நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 2004இல், பொது எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற இரு எண்களைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்களின் 2009ஆம் ஆண்டு ஒருமித்த வழிகாட்டல், 23ஐத் தாண்டினால் மிகை எடை, 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்று வகுத்தது.

ஆகவே 18.5 முதல் 23 வரை என்று கொண்டு, வளர்ந்த ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாக நான் போட்ட பட்டியல் இது. எண்களை அரை கிலோ அளவுக்குச் சுருக்கியிருக்கிறேன்.

150 செ.மீ. – 42 முதல் 51.5 கிலோ
155 செ.மீ. – 44.5 முதல் 55 கிலோ
160 செ.மீ. – 47.5 முதல் 58.5 கிலோ
165 செ.மீ. – 50.5 முதல் 62.5 கிலோ
170 செ.மீ. – 53.5 முதல் 66 கிலோ
175 செ.மீ. – 57 முதல் 70 கிலோ
180 செ.மீ. – 60 முதல் 74.5 கிலோ

பொது அளவுகோல் எனக்குத் தந்த 68 கிலோ இதில் 62.5 ஆகிவிட்டது. இடையில் இருக்கும் ஐந்தரைக் கிலோவில்தான் நம்மில் பலர் நிம்மதியாகக் குடியிருக்கிறோம்.

இப்பட்டியல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. உடற்பயிற்சியால் தசை ஏறியவர்களை இது பருமனானவர்களாகக் காட்டிவிடும். தசை கரைந்த முதியவர்களிடம் கொழுப்பை மறைத்துவிடும்.

எனவே எடைப் பொறியோடு ஓர் அளவு நாடாவும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. எண்கள் மறந்துபோனால், இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். என் கணக்கில் அது 82 செ.மீ.

நியூசிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இதயநோய் அபாயக் கணிப்பைத் தெற்காசிய ஆண்கள் 30 வயதிலும் பெண்கள் 40 வயதிலும் தொடங்க வேண்டும் என்று 2018இல் வெளியான தேசிய வழிகாட்டல் சொல்கிறது. அபாயக் காரணிகள் ஏதுமில்லாத மற்றவர்களுக்கு அது 45, 55 வயது. சுவரில் தொங்கும் அட்டவணை உங்களைப் பச்சைக் கட்டத்தில் காட்டினாலும், இந்த வயதை எட்டியவர்கள் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது.